துக்கம் விசாரிக்காத கம்பெனி

அன்று காலை கூட்ட அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து வந்திருந்த கப்பல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் ஹாஸிம். அவருக்கு உதவியாக வந்த இளைய இன்ஜினியர் கரீம். எங்கள் பக்கம் வணிகப் பிரிவு மேலாளர் அருள் சார், கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி, பிறகு நான். இல்லாதவர் ஒருவர்தான், எங்கள் பாஸ். அவர் வெளியூர் போயிருக்கவில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. அதே கட்டடத்தில், எங்கள் தலைக்கு மேலே, ஒரு மாடி உயரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கப்பல் பழுதுபார்ப்புத் துறையில், வாடிக்கையாளரோடு பேசும் மேசைக்கு இந்த ஆண்டு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். கோபமெல்லாம் வடிந்து, எல்லாரையும் ஒரு புன்சிரிப்போடு பார்க்கும் வயதில் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. அந்தக் கம்பெனியை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. கோபம் வடியும்வரை காத்திருந்தால் நானும் எல்லாரையும் மன்னித்து எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

ஹாஸிமின் நிறுவனத்துக்கு நான்கு சரக்குக் கப்பல்கள். முந்தைய ஆண்டு அவற்றில் ஒன்றை எங்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அடிப்பகுதித் தகடுகளை அறுத்துப் புதிது வைக்கும் வேலை. சிங்கப்பூரின் செம்பவாங்கில் எங்கள் பட்டறை ஆட்கள் அதைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நான்கு கப்பல்களையும் எங்களுக்கே தருவதாகப் பேச்சு நடந்தது. விலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. நேரில் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்தை நம்பிப் பட்டறையில் ஒன்பது வெல்டர்கள் இருந்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வேலை அனுமதி முடியும் தறுவாயில் இருந்தது. எகிப்து வேலை கிடைத்தால் புதுப்பிப்பேன், கிடைக்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று பாஸ் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். ஒன்பது பேரில் மூத்தவர் சேகர் அண்ணன். கேன்டீனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எகிப்துக்காரர்கள் எப்போது வருகிறார்கள் என்று கேட்பார். "வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நான் வேணா போய் அவருக்குக் கால் அமுக்கி விடுறேன். வெல்டிங்க விட அது நல்லா வரும் எனக்கு" என்பார். மேசையே சிரிக்கும். சிரித்து முடித்ததும் எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்கள்.

ஹாஸிம் வருவதற்கு முன் எங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூரில் எதற்கும் ஒரு கோர்ஸ் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நகர மையத்தில் ஒரு ஹோட்டல் அறை, இரண்டு மணி நேரம், நடுவில் கறிப்பஃப். துபாயில் சில காலம் வேலை பார்த்த ஒருவர் 'அரபு வாடிக்கையாளர்களை அணுகுவது எப்படி' என்று ஸ்லைடு போட்டார். இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள். காலணியின் அடி தெரியும்படி கால்மேல் கால் போடாதீர்கள். வீட்டுப் பெண்களைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். பேச்சைத் தொடங்க, ஆபத்தில்லாத விஷயங்கள்: உணவு, வானிலை, கால்பந்து. மொராக்கோவிலிருந்து ஓமான்வரை எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஸ்லைடு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா புக்கிட் மேராவில் அடுக்குமாடி புளோக் கழுவும் வேலை பார்த்தவர். படித்தவர்கள் எழுதிப் போட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். ஸ்லைடு என்றால் எனக்கும் ஒரு பக்தி இருந்தது. அன்று நான் எழுதிக்கொண்ட குறிப்புகள் அருள் சார் எழுதியதைவிட அதிகம். ஸ்லைடை நம்பியவர்களை மட்டமாகப் பேச எனக்குத் தகுதியில்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும்போதும் ஸ்லைடையே நம்பியவர்கள்மீதுதான் என் கோபம்.

அவர்கள் வந்து இறங்கிய மாலை சாங்கி விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். முந்தைய ஆண்டு வந்தபோது ஹாஸிம் காரில் ஏறியதிலிருந்து ஓயாமல் பேசினார். என் அப்பாவுக்கு முட்டி வலி என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அப்பாவின் முட்டியை விசாரித்தார். அப்படிப்பட்டவர் இந்தமுறை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. தாடி முளைத்திருந்தது. லிட்டில் இந்தியாவில்தான் ஹோட்டல் போட்டிருந்தோம். பள்ளிவாசலும் ஹலால் சாப்பாடும் நடக்கும் தூரத்தில் என்பதால். அவர் நேராக அறைக்குப் போய்விட்டார். கரீமும் நானும் தேக்கா பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

கரீமுக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். பாஷ்முஹந்திஸின் அம்மா போன வாரம் தவறிவிட்டார் என்றான். எகிப்தில் இன்ஜினியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பாஷ்முஹந்திஸ் என்று பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கரீம் அவரை ஒருமுறைகூட ஹாஸிம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள்தான் முதல் மின்னஞ்சலிலேயே 'ஹாய் ஹாஸிம்' என்று தொடங்கியவர்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து, மூன்று நாள் துக்கம் கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்துவிட்டு, அப்படியே விமானம் ஏறியிருக்கிறார். பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி வீட்டில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். "வருகிறேன் என்று சிங்கப்பூருக்கு வார்த்தை கொடுத்துவிட்டேன், அவர்கள் காத்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டாராம்.

"உங்கள் முதலாளிக்குத் தெரிந்தால் நல்லது" என்றான் கரீம். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அல்பாஇயா ஃபி ஹயாதக் என்று சொல்லிக் கொடுத்தான். இறந்தவர் வாழாமல் விட்டுப்போன மிச்ச நாட்கள் உங்கள் ஆயுளோடு சேரட்டும் என்று பொருளாம். டீக்கடையில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அருள் சாரைப் பிடித்தேன். நல்ல மனிதர், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கோலில் அவர்கள் தேவாலயத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் நாற்காலி அடுக்குவதில் முதல் ஆளாக நிற்பவர். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது. பயிற்சி அறையில் இருந்த முகம் அது.

"பிரபா, இத பத்தி யாரும் பேச வேணாம்."

"ஏன் சார்?"

"கோர்ஸ்ல நீ தூங்கிட்டியா? வீட்டுப் பொம்பளைங்கள பத்தி வாயத் தொறக்கக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல."

"செத்துப்போன அம்மா சார்."

"அம்மாவும் லேடிதானே லா. ரிஸ்க் எடுக்க முடியாது. இவ்ளோ பெரிய ஜாப்."

போன வருஷம் உங்கள் அப்பா தவறியபோது பொங்கோலில் உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாஸ் வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தாரே, கம்பெனி வேன் வைத்து எங்களை எல்லாம் கூட்டி வந்தாரே, அதை எந்த ஸ்லைடு சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்விதான். அவர் கண் கலங்கியது. "அது நம்ம ஊரு. இவங்க வேற" என்றார்.

இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்கச் சாவு வீடுகளில் நாற்காலி அடுக்கிய ஒரு மனிதர் சொன்னது இது. எதிரே இருப்பவர் அரபு என்று ஒரு பெட்டிக்குள் போய்விட்டால் போதும், அவருக்கு அம்மா செத்தது அம்மா செத்ததாகத் தெரியாமல் போய்விடும். ஒரு ரிஸ்க்காகத் தெரியும்.

அருள் சார் பாஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "கீப் இட் புரொஃபெஷனல் லா" என்றார் பாஸ். கையெழுத்து நேரத்துக்குக் கீழே வருகிறேன், அதுவரை நீங்கள் ஓட்டுங்கள் என்று வைத்துவிட்டார்.

கூட்டம் தொடங்கியது. ஹாஸிம் வழக்கம்போல் எல்லாரிடமும் கைகுலுக்கினார். கணக்குப் பிரிவுப் பெண்மணியின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டார். என் அப்பாவின் முட்டியைக் கேட்டார். தன் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் இது எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தார். அது எங்களுக்காகத் திறந்து வைத்த இடம். அந்த மௌனம் எனக்குப் புரிந்தது. நான் அருள் சாரைப் பார்த்தேன். அவர் புரொஜெக்டரைப் பார்த்தார்.

பேன்ட்ரியிலிருந்து காப்பி வந்தது. முந்தைய ஆண்டு சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டவர், இந்தமுறை சர்க்கரையும் பாலும் இல்லாமல் கேட்டு வாங்கினார். அருள் சாருக்கு வியர்த்திருந்தது. ஏதாவது பேச வேண்டும், ஆபத்தில்லாத விஷயமாகப் பேச வேண்டும். உணவு. காப்பியைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன ஹாஸிம், நோ ஷுகர்? டாக்டர் மெரட்டிட்டாரா?"

கரீம் தலையைக் குனிந்துகொண்டான். ஹாஸிம் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். "இல்லை மிஸ்டர் அருள். எங்கள் ஊரில் துக்க வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை போட மாட்டார்கள். போன வாரம் என் அம்மா..."

வாக்கியத்தை முடிக்காமல் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்தார். அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். பெண்களைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்ற கேள்வி அங்கே முடிந்துவிட்டது. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டால் போதும். எழுந்திருக்கக்கூட வேண்டாம், கணினியை மூடினால் போதும்.

"ஓ. ஓகே. நோட்டட்" என்றார் அருள் சார். "சோ, நெக்ஸ்ட் ஸ்லைட்."

நோட்டட். நாள் முழுக்க நாம் எழுதும் சொல். விடுப்பு விண்ணப்பத்துக்கு நோட்டட். லிஃப்ட் வேலை செய்யாது என்ற அறிவிப்புக்கு நோட்டட். ஒரு தாயின் மரணத்துக்கும் நோட்டட். அடுத்த ஸ்லைடில் தாமதக் கட்டண விதிகள் இருந்தன. ஹாஸிம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்து உட்கார்ந்தது. அந்தப் புன்னகை அவர் சிங்கப்பூரை விட்டுப் போகும்வரை மாறவே இல்லை. எதிராளி புன்னகைக்கிறார் என்று நிம்மதி அடைகிறவர்கள் உங்களில் இருந்தால், அந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இடைவேளையில் தொழுகைக்கு இடம் கேட்டார்கள். பட்டறை ஆட்கள் தொழும் அறைக்கு நான் கூட்டிப் போனேன். நடைபாதையில் யாரும் இல்லை. நான் நின்று, மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ தெரியாது. ஹாஸிம் என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஹயாதக் அல்பாஇயா" என்றார். மிச்ச ஆயுள் உனக்கும் சேரட்டும் என்று பதில். பிடித்த கையை விடாமலே கேட்டார்.

"உங்கள் முதலாளி இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறாரா?"

"மேல் மாடியில்."

"அவருக்குத் தெரியுமா?"

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கேள்விக்கு முன்னால் நிற்பீர்கள். தெரியாது என்று பொய் சொன்னால் ஒன்பது பேரின் வேலை பிழைக்கலாம். ஆனால் பாஸ் எந்த நிமிடமும் கீழே வந்து, கேள்விப்பட்டேன் என்று ஏதாவது உளறலாம். தெரியும் என்று உண்மையைச் சொன்னால், அம்மாவை இழந்தவரைப் பார்க்க ஒரு மாடி இறங்கி வராத மனிதனின் கம்பெனி இது என்று நானே பலகை மாட்டியதுபோல் ஆகும். இரண்டையும் சொல்லாமல், "நீங்கள் தொழுதுவிட்டு வாருங்கள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்றேன். சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

பாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் கீழே வந்து அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். பாஸும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருக்கென்று ஒரு நியாயம் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் போய்த் துக்கம் விசாரித்தால், அவர் அம்மாவின் சாவைக் காட்டி நாம் வேலை வாங்குவதுபோல் இருக்கும் என்றார். கையெழுத்து ஆகட்டும், பிறகு பெரிய பூக்கூடையாக ஹோட்டலுக்கு அனுப்பலாம் என்றார்.

"பூக்கூடை அவருக்கு வேண்டாம் பாஸ். நீங்க வரணும்."

"நீ சொல்லிட்ட இல்ல? நீ சொன்னா கம்பெனி சொன்ன மாதிரிதான்."

"நான் சாதாரண எக்ஸிக்யூட்டிவ் பாஸ். அவர் தேடறது உங்கள."

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "பிரபா, நீ நல்ல பையன். ஆனா எல்லாத்தையும் பெர்சனலா எடுத்துக்காத" என்றார்.

இந்த வாக்கியம் உங்களுக்கும் வரும். இப்போதே ஒரு பதில் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான் படியிறங்கி வந்து, பாஸ் ஒரு முக்கியமான அழைப்பில் இருக்கிறார் என்று ஹாஸிமிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். புன்னகை அப்படியே இருந்தது.

மாலையில் அவர்களைக் காரில் ஏற்ற வெளியே வந்தோம். அதே நேரம் பாஸின் கார் வாசலைத் தாண்டியது. கண்ணாடியை இறக்கி, இரண்டு விரலை நெற்றியில் வைத்து ஒரு சல்யூட் அடித்தார். "டுநைட், ஹாஸிம்! பிக் டின்னர்!" என்று கத்திவிட்டுப் போனார். ஹாஸிமும் கையைத் தூக்கினார். கரீம் அரபியில் என்னவோ முணுமுணுத்தான். அதை மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

விருந்து கிழக்குக் கடற்கரையில் ஒரு கடலுணவுக் கடையில். பாட்டுக்காரர்கூட ஏற்பாடு. வருகிறேன் இன்ஷா அல்லா என்று ஹாஸிம் சொல்லியிருந்ததால் பாஸ் ஒரு கேக்கும் வாங்கி வைத்திருந்தார். அவர் வரவில்லை. களைப்பாக இருக்கிறது, மன்னிக்கவும் என்று கரீம் மூலம் செய்தி வந்தது. துக்கத்தில் இருக்கும் மனிதரைப் பாட்டு, கேக், நண்டு என்று கூப்பிட்ட நாங்கள் வெட்கப்படவில்லை. பாஸ் பேசியதெல்லாம் மேசைக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதைப் பற்றித்தான்.

இரண்டாம் நாள் எல்லாப் பக்கங்களையும் படித்தார்கள். எந்த இடத்திலும் ஹாஸிம் மறுப்புச் சொல்லவில்லை. கடைசியில் பாஸ் பேனாவோடு கீழே வந்தார். வந்ததும் வராததுமாக, "வி ஆர் லைக் ஃபேமிலி" என்றார். காகிதங்களை ஊருக்கு எடுத்துப் போய் இயக்குநர் குழுவிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், இன்ஷா அல்லா என்றார் ஹாஸிம். எல்லாரிடமும் கைகுலுக்கினார். பாஸின் பிள்ளைகளின் படிப்பைக்கூட விசாரித்தார். அவர்கள் போனதும் அருள் சார் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "பாத்தியா? கொஞ்சம்கூட அஃபெண்ட் ஆகல. நீதான் சும்மா டென்ஷன் ஆன" என்றார்.

மின்னஞ்சல் சில வாரம் கழித்து வந்தது. நான்கு வரி. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, இந்தமுறை வேறு இடத்தில் செய்ய முடிவு எடுத்திருக்கிறோம், எதிர்காலத்தில் வாய்ப்பு அமையலாம். அருள் சார் என் மேசையில் வைத்தே அதை இரண்டுமுறை படித்தார். நான் கரீமுக்குப் போன் செய்தேன். எனக்கு அவர்கள்மேலும் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. புண்பட்டால் புண்பட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லலாமே, ஒன்பது குடும்பம் இருக்கிறதே, கடைசிவரை சிரித்துக்கொண்டே போனால் எப்படித் தெரியும் என்று கத்தினேன்.

கரீம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் அம்மா செத்துவிட்டார், தயவுசெய்து எனக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்றா?"

ஏன் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவனும் என்னைத் திருப்பிக் கேட்டான். அந்த ஸ்லைடைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை. "எந்த நாட்டு ஸ்லைடு அது? கெய்ரோவில் டாக்ஸி ஓட்டுபவர்கூட இறங்குவதற்குள் உன் அம்மா நலமா என்று கேட்டுவிடுவார்" என்றான். வளைகுடாவில் ஒரு வீட்டில் சரியாக இருப்பது அலெக்ஸாண்டிரியாவில் அவமரியாதையாக இருக்கலாம் என்பதை, எங்களிடம் காசு வாங்கிய பயிற்சியாளர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வேலை யாருக்குப் போனது என்றும் சொன்னான். சிங்கப்பூரிலேயே, துவாஸில் ஒரு கம்பெனி. அவர்கள் விலை எங்களைவிட அதிகம். ஹாஸிம் சிங்கப்பூர் வரும்போதெல்லாம் அவர்களும் ஒரு சந்திப்பு கேட்டுக்கொண்டே இருந்தவர்கள்தான். விருந்துக்கு வராமல் அவர் அறையில் இருந்த மாலை, அந்தக் கம்பெனியின் உரிமையாளர், ஒரு ஹொக்கியன் சீனப் பெரியவர், லிட்டில் இந்தியா ஹோட்டலுக்கு வந்திருக்கிறார். விஷயத்தை யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறார். வரவேற்பறை சோபாவில் ஹாஸிமின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு என்ன வயது, கடைசியில் வலி இருந்ததா, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாஸிம் அங்கேதான் அழுதாராம். அலெக்ஸாண்டிரியாவை விட்டுக் கிளம்பிய பிறகு முதல் தடவையாக.

பாஸ் சொன்ன நியாயத்தை இப்போதும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். அந்தப் பெரியவர் வேலைக்காகத்தானே போனார் என்கிறார்கள். இருக்கலாம். அவர் மனத்துக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அவர் போனார். உள்நோக்கம் இருப்பதுபோல் தெரிந்துவிடுமோ என்று பயந்து உட்கார்ந்திருப்பவருக்கும், இரக்கமே இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும், எதிரே துக்கத்தில் இருப்பவரின் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

உங்கள் மேலாளர் தயங்கினால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். பட்டம் இருப்பவரைப் பட்டத்தோடு கூப்பிடுங்கள். முதல் கால் மணி நேரம் வீணாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வேலையே அங்கேதான் நடக்கிறது. யாராவது உங்களுக்கு ஒரு ஸ்லைடு போட்டால், இது எந்த ஊருக்கு என்று கையைத் தூக்கிக் கேளுங்கள். நாங்கள் யாரும் கேட்காததைக் கேளுங்கள்.

எகிப்து வேலை கைநழுவிய காரணத்தை அறிக்கையாக எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'விலைப் போட்டி' என்று போட்டுவிடச் சொன்னார் அருள் சார். நம் விலை குறைவு சார் என்றேன். "எனக்குத் தெரியும் பிரபா" என்றார். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போடு. பாஸுக்கு வேற எதுவும் படிக்கப் பிடிக்காது." நான் போடவில்லை. அவரே தட்டச்சு செய்து அனுப்பினார். அந்த மாதமே நான் விலகல் கடிதம் கொடுத்தேன். அதில் வீரம் எதுவும் இல்லை. எனக்கு வேறு வேலை கிடைக்கும். படித்திருக்கிறேன்.

ஒன்பது பேரையும் திருச்சிக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற நாள் விடுதிக்குப் போனேன். சேகர் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பையை மூடிக்கொண்டிருந்தார். கால் அமுக்கும் நகைச்சுவை எதுவும் அவரிடம் அன்று இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நம்ம வெல்டிங் சரியில்லன்னு சொன்னாங்களா?"

"இல்லண்ணே. வேல ரொம்ப நல்லாருந்துச்சுன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் என்னத்துக்கு?"

"அந்தப் பெரிய இன்ஜினியரோட அம்மா செத்துப்போயிருந்தாங்க. நம்ம ஆபீஸ்ல யாரும் துக்கம் கேக்கல."

அவர் ஜிப்பை இழுப்பதை நிறுத்தினார். "செத்தது தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியும்ணே."

அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்ததுபோல் இருந்தது. பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, விமான நிலையம் போக நின்ற லாரிக்குப் போனார்.

கணக்குப் பிரிவுப் பெண்மணி மாத முடிவில் இழப்பைக் கூட்டினார். நான்கு கப்பல்களின் ஒப்பந்தத் தொகை, அதோடு திருச்சிக்கு ஒன்பது ஒருவழிப் பயணச் சீட்டு. எல்லாம் சேர்த்து 2,802,700 சிங்கப்பூர் வெள்ளி.